அக்கரையின் பதினொரு வீடுகள்

அண்ணி என் படிவங்களை இரண்டு கட்டுகளாகப் பிரித்து வைத்த அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ராயபுரத்து வீட்டின் முன்னறையில், பழைய தையல் மெஷினின் பலகைமேல்தான் எங்கள் தட்டச்சுப் பொறி இருந்தது. அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவி, ஒரு டம்ளர் டீயோடு அண்ணி அதன் முன் உட்கார்ந்தால், ஆறரையிலிருந்து எட்டு வரை என் ஆய்வேட்டு வேலை நடக்கும். அன்று அவர் ஒரு வரிகூட அடிக்கவில்லை. நான் நிரப்பிக் கொடுத்த நாற்பது கேள்விப் படிவங்களையும் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். இடப்பக்கம் ஒரு கட்டு உயர்ந்துகொண்டே போனது. வலப்பக்கம் சில தாள்கள் மட்டும் சேர்ந்தன. தரையில் உட்கார்ந்து நூற்பட்டியல் எழுதிக்கொண்டிருந்த நான், வலப்பக்கத்துத் தாள்களை ஓரக்கண்ணால் எண்ணினேன். பதினொன்று. என் கை அப்படியே நின்றுவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அண்ணனுக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆண்டில் ஆளுக்கொரு ஆய்வு செய்தாக வேண்டும். தலைப்பு எடுத்து, கேள்விப் படிவம் தயாரித்து, ஜனங்களை நேரில் பார்த்து, பதில்களை அட்டவணையாக்கி எழுத வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் நூலகத்தில் இருந்த பழைய ஆய்வேடு ஒன்றை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படி இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மீனவக் குப்பத்துப் பெண்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது நானே யோசித்து எடுத்த தலைப்பு. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தேன். அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. உங்கள் பெயரோ ஊர்ப் பெயரோ வெளியே வராது என்று வாசலுக்கு வாசல் நின்று சொல்லித்தான் அன்று பதில் வாங்கினேன். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக அந்த வாக்கு காலாவதியாகிவிடாது. அண்ணியின் பெயரையும் அதோடு சேர்த்தே விட்டுவிடுகிறேன்.

குப்பத்தில் நூற்றிருபது வீடுகள். எல்லா வீட்டுக்கும் போக நேரமில்லை என்பதால் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணி எடுக்கச் சொல்லியிருந்தார் பேராசிரியை. அவர் அதிகம் பேசமாட்டார். “வழியில் கண்ட வீடுகளுக்கெல்லாம் போனால், வழியில் இருக்கிற வீடுகளைப் பற்றித்தான் உனக்குத் தெரியவரும்” என்று மட்டும் சொன்னார். அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். கோடு போட்டதோடு சரி.

நாற்பது வீடுகளில் இருபத்தொன்பது இக்கரையில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தன. ஆறு சனிக்கிழமைகளில் அவற்றை முடித்துவிட்டேன். மிச்சம் பதினொன்று அக்கரையில். கழிமுகத்து நீரைத் தாண்டி, ஒரு மணல்திட்டின்மேல் முப்பது குடிசைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. படகில்தான் போக வேண்டும். ராயபுரத்தில் கடலைப் பார்த்தே வளர்ந்தவள் என்றாலும் எனக்குத் தண்ணீர் என்றால் பயம். முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதே இல்லை. அக்கரைக்கென்று கிளம்பிய முதல் சனிக்கிழமை மழையைக் காரணம் காட்டித் திரும்பினேன். அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. குடங்களும் பெண்களுமாக ஒரு படகு ஒரு பக்கம் சாய்ந்தபடி வருவதைக் கரையில் நின்று பார்த்தேன். பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து எழுதினேன். ஒரே குப்பம், ஒரே ஜனம், ஒரே தொழில்; இக்கரையில் இருப்பதுதானே அக்கரையிலும் இருக்கப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாலைக்குள் பதினொரு குடும்பங்களைப் பெற்றெடுத்துவிட்டேன்.

“பாப்பா, இந்தப் பதினொண்ணும் நீ எங்க குந்தி எழுதின?” என்று அண்ணி கேட்டார்.

குப்பத்தில்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு கட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு தாளை எடுத்து என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இத்த பாரு. இவங்க யாருக்கும் வயசு தெரியல. முப்பது, நாப்பது, அம்பதுன்னு சொல்லிக்கீறாங்க. ஒரு அம்மா, பெரிய புயலு அடிச்ச வருசம் பொறந்தேன்னு சொல்லிக்கீது. இந்தப் பதினோரு பேருக்கு மட்டும் முப்பத்தேழு, நாப்பத்திமூணு, இருவத்தொம்போதுன்னு கரீட்டா தெரிஞ்சிகீது. அது எப்டி?”

அதற்குமேல் அவர் காட்டியதெல்லாம் எனக்கே தெரிந்தவைதான். நின்றுகொண்டே எழுதியதால் இருபத்தொன்பது தாள்களிலும் என் கையெழுத்து கோணியிருந்தது. அடித்தல் திருத்தல் இருந்தது, மீன் கை பட்ட கறை இருந்தது, எங்காவது ஓரிடத்தில் ‘தெரியாது’ என்ற பதில் இருந்தது. பதினொன்றில் ஒருத்திகூடத் தெரியாது என்று சொல்லவில்லை. ஒருத்திகூட என்னைத் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. மாட்டிக்கொண்டவளுக்கு வரும் ஆத்திரம் எனக்கு வந்தது. நீங்கள் தட்டச்சு செய்தால் போதும், ஆராய்ச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அண்ணி பொறியின்மேல் உறையைப் போட்டார். “இருவத்தொம்போத அடிச்சிக் குடுக்கறேன். அந்தப் பதினொண்ண நான் அடிக்க மாட்டேன்” என்றார். பிறகு எழுந்து, உலை வைக்கப் போனார்.

அண்ணி என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். அந்த வருஷமே அவருடைய அப்பா இறந்துபோனதால் கல்லூரிக்குப் பதில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனார். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் அவருக்கு வேலை. சரக்குச் சீட்டுகளும் சேத அறிக்கைகளும் அடித்து அடித்து அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பெட்டியைத் திறந்து பார்க்காதவரை, உள்ளே கண்ணாடி இருக்கிறது என்று சீட்டில் எழுதமாட்டார்களாம். கண்ணாடி இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்றுதான் எழுதுவார்களாம். ‘செட் டு கண்டெய்ன்’ என்ற அந்தச் சொல்லை அவர் வீட்டிலும் விளையாட்டாகப் பயன்படுத்துவார். அண்ணன் காய்கறிப் பையை நீட்டினால், “கத்திரிக்கா இருப்பதாகச் சொல்லப்படுகிறது” என்று சிரித்துக்கொண்டே வாங்குவார். பையைக் கொட்டிப் பார்த்த பிறகுதான் அது கத்திரிக்காய்.

மூன்று நாள் நாங்கள் இருவரும் தேவைக்கு மேல் பேசவில்லை. அண்ணி யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பது இன்னும் சங்கடமாக இருந்தது. அண்ணனிடம் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது. நான் பதினொரு தாள்களையும் எடுத்துக்கொண்டு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளிக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளைப் பார்த்தபடியே படபடவென்று அடித்தார். எந்த வரியிலும் அவர் நிற்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் ஒரு அழகான அட்டவணையை என் கையில் கொடுத்தார். இல்லாத பெண்கள் இல்லாத குடங்களோடு அதில் வரிசையாக நின்றார்கள். அச்சில் பார்த்ததும் எனக்கே நம்பலாம் போலத் தோன்றியது. அதுதான் என்னை உலுக்கியது. மிச்சத்தை அடிக்க வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அண்ணி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, படகில் ஏறப் பயமாக இருந்தது அண்ணி என்றேன். அவர் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி போலாம். நானும் வரேன்.”

அந்த ஞாயிறு மாதா கோயில் காலைப் பூசைக்குக் கட்டிய சேலையோடேயே கிளம்பினோம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் பேருந்தில் மீன் கூடைகளுக்கு நடுவே இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கழிமுகத்தில் படகைத் தள்ளியவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் தட்டச்சு அடித்துக் காய்த்திருந்தன. பாதி வழியில், “எனுக்கும் பயமாதாங் கீது பாப்பா, வெளிய சொல்லாத” என்று காதருகே சொன்னார். கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் கண்ணும் மூடித்தான் இருந்தது.

முதல் வீடு எங்கள் பட்டியலில் முப்பதாவது. முப்பத்திரண்டாவது வீட்டில்தான் எனக்கு உண்மை உறைத்தது. அந்த வீட்டுக்கார அம்மாவை நாங்கள் இருவரும் பிற்பாடு எப்போதும் முப்பத்திரண்டாம் நம்பர் என்றே பேசிக்கொண்டோம். முப்பது வயது சொன்னார். இரண்டு பெண் பிள்ளைகள். வலை உலர்த்திக்கொண்டே பதில் சொன்னார். என் பதினான்காவது கேள்வி, தண்ணீர் எடுக்க ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பது. இக்கரையில் எல்லோரும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லியிருந்தார்கள். இந்த அம்மா சிரித்துவிட்டார். “நிமிசமா? எங்க வூட்ல கடியாரம் கீதா, பாத்துக்கினு போறதுக்கு?” என்றார்.

இக்கரையில் எனக்குக் கிடைத்த எண்களும் என்னைத் திருப்திப்படுத்தத்தான் சொல்லப்பட்டவையோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. அண்ணி கேள்வியை மாற்றிக் கேட்டார். திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைச் சங்குகள் காற்று வாட்டத்துக்கு அங்கே கேட்கும்.

“சரிம்மே, எந்தச் சங்கு ஊதும்போது கொடத்த எடுப்ப? எந்தச் சங்குக்கு வூடு வந்து சேருவ?”

அதற்குப் பதில் உடனே வந்தது. காலையில் ஆறு மணிச் சங்குக்குக் கிளம்பினால், எட்டு மணிச் சங்கு ஊதும்போது திரும்புவார். மத்தியானம் இரண்டு மணிச் சங்குக்குக் கிளம்பினால், நாலரைச் சங்கு. அக்கரையில் குடிதண்ணீரே கிடையாது. மணலில் ஊற்று தோண்டினால் உப்புக் கரிக்கும். படகுக்குக் காத்திருந்து, நீர் வற்றிய நேரத்தில் இறங்கித் தள்ளி, இக்கரையில் சாலையோரத்துக் குழாயில் வரிசையில் நின்று, குடங்களோடு திரும்ப வேண்டும். ஒரு நாளில் நாலரை மணி நேரம். என் கட்டிலில் பிறந்த முப்பத்திரண்டாம் படிவத்துப் பெண் நாற்பது நிமிடத்தில் தண்ணீர் எடுத்துவிட்டு, மீதி நேரத்தில் கூடை முடைந்துகொண்டிருந்தாள். நான் மணலைப் பார்த்தபடி எழுதினேன்.

ஐந்து வீடு முடிந்தபோது அண்ணிக்கு மனசு தாங்கவில்லை. ஆறாவது வீட்டு வாசலில் கூடியிருந்த பெண்களிடம், இதையெல்லாம் எழுதிக்கொண்டு போகிறோம், இனிமேல் உங்கள் கரைக்கே குழாய் வரும் என்று சொல்லிவிட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தச் செய்தி திட்டு முழுவதும் பரவிவிட்டது. எட்டாவது வீட்டில் ஒரு பெண், விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தண்ணீர் எடுப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை என்றார். அடுத்த வீட்டில் அதற்கும் மேலே. ஒரு பெரியவர் எங்களுக்கு நுங்கு வெட்டிக் கொண்டுவந்தார். பதில் சொல்பவருக்கு ஆசை காட்டக் கூடாது என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதன் காரணத்தை அந்த நுங்கைக் கையில் வாங்கியபோதுதான் புரிந்துகொண்டேன். அண்ணியைத் தனியே அழைத்துப் போய், நீங்கள் அதைச் சொன்ன பிறகு வந்த பதில்களை அப்படியே நம்ப முடியாது என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “நானும் உன்ன மாரியே பண்ணிட்டேனா பாப்பா?” என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒருவிதத்தில் ஆமாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

குழாய்ப் பேச்சுக்குப் பிறகு எழுதிய ஆறு படிவங்களின் ஓரத்திலும் அதைக் குறித்து வைத்தேன். சொல்வதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது, கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தோம். அடுத்த ஞாயிறு பூசையை மாலைக்குத் தள்ளிவிட்டு, விடிந்ததும் முதல் பேருந்தில் போய் இக்கரைக் குழாயடியில் உட்கார்ந்தோம். அண்ணியின் கைக்கடிகாரம், என் நோட்டு. படகு எப்போது வந்தது, யார் எத்தனை குடம் பிடித்தார்கள், எப்போது திரும்பினார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அக்கரைப் பெண்கள் முதலில் எங்களைப் பார்த்து வெட்கப்பட்டார்கள், பிறகு கேலி செய்தார்கள், ஒரு மணி நேரத்தில் மறந்தே போனார்கள். மத்தியானமும் இருந்து பார்த்தோம். நாள் முழுக்கத் தண்ணீர் என்று சொன்ன பெண்ணுக்கு உண்மையில் நான்கு மணி நேரம் ஆனது. முப்பத்திரண்டாம் நம்பர் சொன்னது ஏறக்குறைய அப்படியே சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தோம். நாற்பது வீட்டுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் வந்தது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இக்கரைக்காரியும் இல்லை, அக்கரைக்காரியும் இல்லை. அதனால் இரண்டு கரைக்கும் தனித்தனி அட்டவணை போட்டேன். அண்ணி அதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அடித்தார்.

பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், நீ வீட்டில் எழுதிய பதினொன்று எங்கே என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவற்றையும் உண்மைப் படிவங்களையும் பக்கத்தில் வைத்து, கேள்வி கேள்வியாக ஒப்பிட்டு, உன் ஊகத்தில் எத்தனை சரி என்று எண்ணிக்கொண்டு வா என்றார். எண்ணினேன். தொழில், மதம், வீட்டுக் கூரை ஆகியவை சரியாக இருந்தன. தண்ணீர், நேரம், நோய், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் தவறு. வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிறவற்றை மட்டும்தான் நான் சரியாக ஊகித்திருந்தேன். அந்தக் கணக்கையும், நான் செய்ததையும், ஆய்வு முறை அத்தியாயத்தில் ஒரு பத்தியாக எழுதச் சொன்னார். அதை எழுதித் திருத்தி அடிப்பதற்குள் கடைசித் தேதி தாண்டிவிட்டது. ஆறு மாதம் பின்னால்தான் ஏட்டைக் கொடுக்க முடிந்தது. எனக்காக ஒரு கல்லூரியில் பேசி வைத்திருந்த தற்காலிக விரிவுரையாளர் வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தப் பத்தியை அடிக்கும்முன் அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிங்க என்றேன். ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தார்.

என் ஆய்வு அங்கே முடிந்தது. அண்ணியின் வேலை அங்கேதான் தொடங்கியது. இரண்டு கரை அட்டவணைகளுக்கு அவர் கார்பன் வைத்துக் கூடுதலாக ஒரு பிரதி எடுத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மனு அடித்து, அந்த அட்டவணையைப் பின்னால் சேர்த்து, ஒவ்வொரு அலுவலகமாக அனுப்பத் தொடங்கினார். பதில் வராதபோது நேரில் போனார். குப்பத்துப் பெண்களிடம் கைநாட்டு வாங்கினார், பங்குச் சாமியாரிடம் கையெழுத்து வாங்கினார். அண்ணன் சாப்பிட உட்காரும்போதெல்லாம், உன் குழாய் வந்துவிட்டதா என்று கேலி செய்வார். இதெல்லாம் உங்களுக்கு ஏன் அண்ணி, அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை என்று நானும் ஒருமுறை சொன்னேன்.

“வாய வுட்டு சொல்ட்டேனே பாப்பா. நீ ஓரத்துல எழுதி வெச்சிட்ட, உனுக்கு முடிஞ்சிபோச்சி. நான் இன்னா பண்றது?” என்றார்.

இரண்டரை வருஷம் ஆயிற்று. அதற்குள் எனக்குத் தெற்கே ஒரு ஊரில் நிரந்தர வேலை கிடைத்து ராயபுரத்தை விட்டுப் போய்விட்டேன். கழிமுகத்தின் குறுக்கே குழாய் போட்டுவிட்டார்கள், அக்கரையில் இரண்டு இடத்தில் தண்ணீர் வருகிறது என்று அண்ணியிடமிருந்து இன்லாண்டு கடிதம் வந்த அன்று, வகுப்பில் என்ன பாடம் நடத்தினேன் என்றே எனக்கு நினைவில்லை.

இப்போது நான் ஓய்வு பெற்றவள். ஆனாலும் வருஷத்தில் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, ஆய்வு செய்யும் மாணவர்களிடம் பேசச் சொல்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் செல்போனிலேயே கேள்விப் படிவம் இருக்கிறது. பதில் விழ விழ வண்ணப் படம் தானாக மாறுகிறது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. கூட்டல் பெருக்கலில் நாங்கள் கழித்த மாலைகளை யாரும் திரும்ப வாழ வேண்டியதில்லை. யார் வீட்டுக்குப் போகவில்லை என்று மட்டும் அவர்களைக் கேட்கிறேன். அதன் பிறகு ஒரு தாளைக் காட்டுகிறேன். அது என்னுடையதல்ல.

குழாய் வந்து ஒரு வருஷம் கழித்து அண்ணி தபாலில் அனுப்பிய தாள் அது. யாரும் கேட்காமல், எந்தப் பட்டமும் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே அக்கரைக்குப் போய் அதே பதினொரு வீடுகளையும் பார்த்துவிட்டு வந்து ஆங்கிலத்தில் அடித்திருந்தார். கட்டம் கட்டமாக, ஒரே பக்கம். முதல் கட்டத்தில் வீட்டு எண்கள். இரண்டு எண்களுக்கு எதிரே, குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று இருந்தது. தண்ணீர் எடுக்கும் நேரம் மற்ற எல்லா வீட்டிலும் அரைமணிக்கும் கீழே வந்திருந்தது; சித்திரை வைகாசியில் குழாய் வற்றிவிடுகிறது என்பதையும் மறைக்காமல் குறித்திருந்தார். மிச்சப்பட்ட நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு, ஐந்து பெண்கள் தூங்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த கட்டம், தண்ணீர் சுமந்துகொண்டிருந்த பெண் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பது. அந்தக் கட்டத்துக்காகத்தான் அண்ணி அத்தனை மனுவும் அடித்தார் என்பது எனக்குத் தெரியும். குழாய் வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் என்று அவர் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மொத்தம் ஐந்து பெண் பிள்ளைகள். ஒருத்திதான் பள்ளிக்கூடம் போனாள். நான்கு பேர் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காரணம் என்ற கடைசிக் கட்டத்தில் மூன்று பேருக்கு ஒவ்வொரு காரணம் இருந்தது. நான்காவது பிள்ளை முப்பத்திரண்டாம் நம்பர் வீட்டு மூத்தவள். அவளுக்கு நேரே ‘நாட் ஆஸ்க்ட்’, கேட்கவில்லை, என்று அடித்திருந்தார். கூடவே தமிழில் இரண்டு வரிக் கடிதம்: ‘ஆசைப்பட்டது வேறே பாப்பா. பார்த்ததைத்தான் அடிச்சிருக்கேன்.’

மாணவர்கள் எப்போதும் அந்த ஒரு கட்டத்தைத்தான் கேட்கிறார்கள். முக்கியமான கேள்வியை ஏன் விட்டுவிட்டார், மற்ற வீடுகளில் எல்லாம் கேட்டவர் அங்கே மட்டும் ஏன் கேட்கவில்லை என்பார்கள். எனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே தெரியாது. போன மாதம் விம்கோ நகரில் மகள் வீட்டில் இருக்கும் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதை நெருங்குகிறார். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. தாளை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, இதை ஏன் அண்ணி கேட்கவில்லை என்று உரக்கக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கேக்கலாம்னுதான் வாயத் தெறந்தேன் பாப்பா. அதுக்குள்ள அந்தம்மா உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குட்த்துச்சி. ஒங்க கொழாத் தண்ணிதான், குடிம்மான்னுச்சி. நல்ல தண்ணி. நின்னுக்கினே முழுசையும் குடிச்சேன். அதுக்கு அப்பால எப்டி கேக்கறது, சொல்லு.”